மறுமொழி: ‘நரம்பு நெகிழ்மை’க்குப் பதில் ‘தடப்படிவு’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழகப் பழக மூளை தன் நரம்பு இணைப்புகளை மாற்றிக்கொள்வதற்கு (neuroplasticity) எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்ற பேச்சுக்கு இது என் மறுமொழி. அதை நரம்பு நெகிழ்மை என்று எழுதி எழுதி எனக்கும் பழகிவிட்டதுதான். ஆனால் போன வாரம் காரைக்குடியில் ஆயாவிடம் கொட்டான் (பனையோலைக் கூடை) பின்னப் பழகியதிலிருந்து அந்தச் சொல்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

காய்ந்த பனையோலையை மடக்கினால் ஒடியும், இல்லையென்றால் விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். நனைத்த ஓலையில்தான் மடிப்பு நிற்கும். “ஓலை படியணும்ப்பா, அப்பத்தான் மூலை நிக்கும்” என்றார் ஆயா. அடியைப் பின்னி முடித்து மூலையைத் தூக்கும் இடத்தில், எந்தக் கீற்றை இடது பெருவிரலால் அழுத்த வேண்டும் என்று யோசித்து ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றது நழுவிவிடும். மூன்று நாள் இதே கூத்து. ஐந்தாம் நாள் எதையோ பேசிக்கொண்டே மூலையைத் திருப்பிவிட்டேன். ஆயா எட்டிப் பார்த்து, “கை படிஞ்சிருச்சு” என்றார். ஓலைக்கும் அதே வினை, கைக்கும் அதே வினை!

நெகிழ்வது என்றால் தளர்வது. பிடி நெகிழும், மனம் நெகிழும். மூளையில் நடப்பது தளர்ச்சியா? 1995இல் பாஸ்குவல்-லியோனே என்ற நரம்பியல் ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வில், பியானோ தெரியாதவர்கள் தினம் 2 மணி நேரம், 5 நாள், ஐந்து விரல் பயிற்சி செய்தார்கள். தலைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு கொடுத்துப் பார்த்தபோது, இயக்கப் புறணியில், அதாவது உடலசைவை நடத்தும் மூளைப் பகுதியில், அந்த விரல்களுக்கான பரப்பு விரிந்திருந்தது. வாசிப்பதாக மனத்தில் நினைத்து மட்டும் பழகியவர்களுக்கும் மாற்றம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. 2009இல் ஆக்ஸ்போர்டில் ஆறு வாரம் பந்துகளை வீசிப் பிடிக்கப் பழகியவர்களுக்கு வெண்பொருளே, அதாவது நரம்பிழைகள் ஓடும் பகுதியே, மாறியிருந்தது.

எனக்கு இன்னும் பிடித்தது 2014இல் வந்த எலி ஆய்வு. படிகள் ஒழுங்கில்லாத சக்கரத்தில் ஓட வேண்டும். நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை போடும் புதிய செல்கள் உருவாகாமல் தடுத்த எலிகள் அதைச் சரியாகக் கற்கவில்லை. ஆனால் தடுப்பதற்கு முன்பே பழகிய எலிகள் நன்றாகவே ஓடின. ஒருமுறை படிந்தது நிற்கிறது, இல்லையா? ஆயா சொன்ன மடிப்பு மாதிரி.

அதனால்தான் ‘தடப்படிவு’ என்கிறேன். கலைச்சொல் நல்லதா என்று பார்க்க அதை வினையாக்கிப் பாருங்கள். “தடம் படிந்தது”, “இன்னும் படியவில்லை”, “பக்கவாதத்துக்குப் பிறகு வேறு தடம் படிகிறது.” எல்லாம் வாயில் வருகிறது. “நரம்பு நெகிழ்ந்தது” என்று நோயாளியிடம் சொன்னால் பயந்துவிடுவார்.

குழைமை என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். பொருள் கிட்டத்தட்டச் சரிதான் அண்ணே, ஆனால் எங்கள் வீட்டில் சோறு குழைந்துவிட்டது என்றால் அது புகார்.

படிவு என்றால் வண்டல்தானே என்று புவியியல்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், முன்னால் ‘தடம்’ இருக்கிறதே. எனக்கு இடிக்கிற இடம் வேறு: தடப்படிவு நிகழ்வைக் குறிக்கிறது, மூளையின் அந்தத் திறனைக் குறிக்கவில்லை. ‘படிமை’ என்றால் சிலை, படிமம் பக்கம் போய்விடுகிறது. இப்போதைக்குத் ‘தடம்படு திறன்’ என்று வைத்திருக்கிறேன். அதில் ‘படிதல்’ நழுவிப்போனது உறுத்துகிறது. யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள்.