ஊட்டி தாவரவியல் பூங்காவில் உறைபனி: எத்தனை மணிக்குப் போகணும்?

கேமராக்காரன்:
ஜனவரியில் ஊட்டி போகிறோம். பூங்காப் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடப்பதைப் படம் எடுக்கணும். ஒன்பது மணிக்குப் போனவர்களெல்லாம் பச்சைப் புல்லைத்தான் பார்த்தோம் என்கிறார்கள். குளிர் அதிகமான நாளாகப் பார்த்துப் போனால் போதுமா?

மலைக்காற்று:
குளிர் மட்டும் போதாதுங்க. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கணும், காற்றும் அசையக்கூடாது. அப்போதுதான் தரைச்சூடு இரவெல்லாம் வெளியேறி, காற்றைவிடப் புல்நுனி சில டிகிரி கூடுதலாகக் குளிரும். செல்போன் 3 டிகிரி காட்டும் நாளிலும் புல்லில் பனி உறைவது இதனால்தான். மேகம் மூடினால் வெறும் நீர்ப்பனியோடு சரி. முந்தின இரவு பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள். நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து இலை அசையாமல் இருந்தால் அலாரம் வைக்கலாம்.

குளிர்ந்த காற்று கனம்; சரிவில் இறங்கித் தாழ்வில் தேங்கும். அதனால் கீழ்ப் புல்வெளியிலேயே நில்லுங்கள், மேலே ஏறி நேரத்தை வீணாக்க வேண்டாம். மரத்தடியிலும் உறையாது.

பச்சைமலை:
நேரம்தான் முக்கியம். பூங்கா தொட்டபெட்டாவின் அடிச்சரிவில் இருக்கிறது. ஜனவரியில் சூரியன் அந்த மலைப்பக்கமிருந்துதான் ஏறும், வெயில் தாமதமாகவே விழும். ஆனால் அதை நம்பி மெதுவாகப் போகாதீர்கள். உறைந்த புல்லில் சட்டென்று வெயில் பட்டால் கருகிவிடும் என்று, அதற்கு முன்பே ஊழியர்கள் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவார்கள். கேட் திறந்ததும் உள்ளே இருக்கணும். நாற்றுகள் மேல் காய்ந்த செடி பரப்பியிருந்தால் குப்பை என்று நினைக்காதீர்கள். அது கோத்தகிரி மிலார், பனிக்குப் போர்வை.

கேமராவை ஆட்டோ மோடில் வைத்து எடுத்தால் பனி சாம்பல் நிறமாக விழும். எக்ஸ்போஷரை +0.7 முதல் +1 வரை ஏற்றுங்கள். குளோசப் எடுக்கும்போது மூச்சு பட்டாலே ஊசிப்படிகம் கரைந்துவிடும், கொஞ்சம் தள்ளியே முகத்தை வையுங்கள். அறைக்குத் திரும்பியதும் பையைத் திறக்காமல் அரை மணி விடணும். இல்லாவிட்டால் லென்ஸில் ஆவி படியும்.

நீலக்குறிஞ்சி:
புல்லை மிதிக்காதீர்கள். உறைந்த இலை ஒடியும், கால்தடம் பிறகு பழுப்பாகத் தெரியும். மலர்ப்பாத்திகளை எதிர்பார்க்க வேண்டாம், அவை மே மாதக் கண்காட்சிக்குத் தயாராகும் நேரம் அது. பனி ஏமாற்றினால் குரங்கு ஏறா மரம், 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம், கண்ணாடி மாளிகை என்று சுற்றலாம். வண்டியில் நீலகிரிக்குள் வர இ-பாஸ் (இணைய அனுமதிச்சீட்டு) எடுக்க மறக்காதீர்கள்.