பழைய பாமினி எழுத்துருவின் விசைமுறையில் யூனிகோட் தமிழ் அடிக்கும் மென்பொருளின் தளம் திறக்கவில்லை, அவசரம்

புதுக்குடியிருப்புப் பிள்ளை: வணக்கம். நேற்றிலிருந்து தளம் திறக்கவே இல்லை. கடைக் கணினிக்குப் புதிதாக விண்டோஸ் போட்டதில் இருந்ததெல்லாம் போய்விட்டது. ஒரு கல்வெட்டு (இறந்தவரின் நினைவுப் புத்தகம்) வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குப் போக வேண்டும், 31ஆம் நாள் நினைவு ஞாயிறு. யாராவது லிங்க் தாருங்கோ.

மாங்குளத்தான்: எந்தத் தளம்? திறந்தால் என்ன செய்தி வருகிறது?

வவுனியா ரிப்பேர்: கணினியின் திகதியைப் பாருங்கள். மதர்போர்ட்டில் உள்ள வட்டப் பற்றரி செத்தால் திகதி வருடக்கணக்கில் பின்னால் போய்விடும், பிறகு முகவரியில் பூட்டு அடையாளம் உள்ள (https) தளம் எதுவும் ஒழுங்காகத் திறக்காது. இந்த மாதம் மட்டும் மூன்று பேருக்கு மாற்றிக் கொடுத்தேன்.

புதுக்குடியிருப்புப் பிள்ளை: திகதி சரி, பேஸ்புக் திறக்கிறது. சேர்வர் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறது, போன் டேட்டாவிலும் அதேதான். பெயர் தெரியாது அண்ணை. முன்பு இங்கே வேலை செய்த அக்கா முகவரியை ஒரு துண்டில் எழுதி மொனிட்டரின் கீழ் விளிம்பில் ஒட்டியிருக்கிறார், மை மங்கிப் போயிருக்கிறது.

தமிழ்க்கணிமை: பெயர் தெரியாத மென்பொருளை மற்றவர்கள் எப்படித் தேடுவது? கேள்வி கேட்கவும் ஒரு முறை இருக்கிறது தங்கச்சி. பாமினியை விடுங்கள். தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது, எதையும் தரவிறக்கத் தேவையில்லை. 1999இல் வந்த விசைப்பலகையை இன்னும் பழகாமல் இருப்பது உங்கள் பிழை.

கிளிநொச்சி அச்சகம்: வெள்ளிக்கிழமைக்குள் புது விசைப்பலகை பழகச் சொல்கிறீர்களா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று அடித்தால் அம்மா வரும், என் விரல் அதை யோசிக்காமலே அடிக்கும். தங்கச்சி, அச்சுக்கு மட்டும் என்றால் எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யூனிகோட்டே வேண்டாம், பாமினி எழுத்துருவை நிறுவி அப்படியே அடியுங்கள், காணும்.

தமிழ்க்கணிமை: அதை வேறு எழுத்துருவில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துத்தான். நாளைக்கு அந்தக் குடும்பம் கனடாவில் இருந்து தேடினால் இறந்தவரின் பெயர்கூட அகப்படாது.

கிளிநொச்சி அச்சகம்: அதற்குத்தானே பாமினியை யூனிகோட்டாக மாற்றும் சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி இருக்கிறது.

மாங்குளத்தான்: சண்டையை விடுங்கோ. போன் டேட்டாவிலும் வராவிட்டால் பிழை உங்கள் கணினியில் இல்லை. டொமைனை (தளத்தின் பெயர்ப் பதிவை) புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது மங்கிய எழுத்தில் ஒன்றைப் பிழையாக வாசிக்கிறீர்கள், துண்டைப் படம் எடுத்துப் போடுங்கள். முகவரியை, தளங்களின் பழைய நகலைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் கொடுத்துப் பாருங்கள், சிலவேளை நிறுவும் கோப்பும் அதிலேயே கிடைக்கும். இல்லையென்றால் இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளிலும் பாமினி விசை உண்டு. கண்ட கண்ட இடத்தில் மட்டும் இறக்காதீர்கள். கடைக் கணினியில் ஊர்ச் சனத்தின் அடையாள அட்டை நகலெல்லாம் கிடக்கும்.

வவுனியா ரிப்பேர்: எதற்கும் அந்தப் பற்றரியை ஒருக்கா பாருங்கோ.

புதுக்குடியிருப்புப் பிள்ளை: வேபேக்கில் பக்கம் வந்தது, கோப்பு இறங்கவில்லை. ஆனால் பெயர் தெரிந்தது. முல்லைத்தீவில் ஒரு கடையில் அது இருந்தது, பென் டிரைவில் போட்டு மத்தியானப் பஸ்ஸில் கொடுத்து விட்டார்கள். கல்வெட்டு அச்சுக்குப் போய்விட்டது. நன்றி அண்ணை.