புதிய சபாநாயகருக்கு நம்ம கரையிலிருந்து வாழ்த்துக் கடிதம் போகணுமா?

பாம்பன்_வல்லம் (27 ஜூன் 2024)

நேற்று ஓம் பிர்லா இரண்டாவது முறையா மக்களவை சபாநாயகர் ஆனார். குரல் வாக்கெடுப்புதான். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் சேர்ந்து கூட்டிட்டுப் போய் நாற்காலியில உட்கார வச்சாங்க. எங்க படகுச் சங்கத்துல வாழ்த்துக் கடிதம் அனுப்பலாம்னு பேச்சு, எழுதுற பொறுப்பு என்கிட்ட வந்திருக்கு. அனுப்பணும்னுதான் நான் நினைக்கிறேன். எம்.பி.க்கள் அவசர விஷயத்தை எழுப்புற பூஜ்ஜிய நேரத்துல யாரைக் கூப்பிடுறது, மத்த வேலையை நிறுத்திட்டு ஒரு விஷயத்தைப் பேசக் கேக்குற ஒத்திவைப்புத் தீர்மானத்தை ஏத்துக்கிறதா இல்லையா, எல்லாம் அந்த நாற்காலி முடிவு. நம்ம பிள்ளைங்க இலங்கைக் கடற்படைகிட்ட பிடிபட்ட மறுநாள் நம்ம எம்.பி. எழுந்தா அவருக்கு மைக் கிடைக்கணும். வாழ்த்தோட சேர்த்து அதையும் கேட்போம்.

தங்கச்சிமடம்_மேரி

அண்ணே, போன வருஷம் எங்க படகு பிடிபட்டுச்சு. ஆளுங்க வந்துட்டாங்க, படகு வரல. வட்டி மட்டும் ஓடுது. அந்த வயித்தெரிச்சல்ல கேக்குறேன், எதுக்கு வாழ்த்து? 2023 டிசம்பர்ல ஒரே கூட்டத்தொடர்ல மக்களவையில மட்டும் 100 எம்.பி.க்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. நாற்காலியில இருந்தது இவர்தான். 17ஆவது மக்களவை முடியுற வரைக்கும் துணைச் சபாநாயகரே கிடையாது. கூடிய விரைவில் தேர்ந்தெடுக்கணும்னு அரசியல் சட்டம் 93ஆவது பிரிவு சொல்லுது. இந்தத் தடவை கேரளத்து கொடிக்குன்னில் சுரேஷை எதிர்க்கட்சி நிறுத்தினதும் அந்தத் துணைப் பதவியைத் தங்களுக்குக் கேட்ட தகராறுலதானே?

கீழக்கரை_காக்கா

மேரி, நீ சொன்னதுல ஒண்ணையும் மறுக்க முடியாது. ஆனா வாழ்த்து அந்த ஆசனத்துக்கும் சேர்த்துத்தான் போகுது. 1952லேயே போட்டி இருந்துச்சு. ஜெயிச்ச மாவலங்கருக்கு 394 ஓட்டு, எதிர்த்து 55. தேர்தல் முடிஞ்சா எல்லாக் கட்சியும் எழுந்து வாழ்த்துறது மரபு. நேத்து ராகுல் காந்தி வாழ்த்திக்கிட்டேதான் எதிர்க்கட்சிக் குரலுக்கும் இடம் வேணும்னு கேட்டார். 1967ல சஞ்சீவ ரெட்டி சபாநாயகர் ஆனதும் காங்கிரஸ்லேருந்தே விலகினார். அப்படியும் ஒருத்தர் அங்க உட்கார்ந்திருக்கார். அந்த அளவுகோலை இவர் முன்னால வைக்கணும்னா ஒரு கடிதம் வேணும்ல?

இன்னொண்ணு. நேத்து ஜூன் 26. 1974ல கச்சத்தீவை இலங்கைக்குக் குடுத்த ஒப்பந்தத்துல கொழும்புல கையெழுத்தான தேதி அதுதான், சரியா 50 வருஷம். டெல்லியில ரெண்டு நாள் கழிச்சு, 28ஆம் தேதி. அடுத்த மாசம் அரசு அவையில அறிக்கை வச்சப்போ நம்ம தொகுதி எம்.பி. மூக்கையாத் தேவர் எழுந்து எதிர்த்தார். இன்னைக்கும் அது அவைக்குறிப்புல இருக்கு.

தங்கச்சிமடம்_மேரி

காக்கா, நீங்களே சொல்லிட்டீங்க. கையெழுத்து ஜூன்ல, அவைக்கு வந்தது ஜூலையில. முடிஞ்ச காரியத்தைத்தான் அறிக்கையா வாசிச்சாங்க. அவையோட சம்மதத்தை யாரும் கேக்கல. குறிப்புல எழுத்து இருக்கு, கடல்ல நாங்க இருக்கோம்.

கீழக்கரை_காக்கா

அந்தக் குறிப்பு இல்லேன்னா நம்ம தொகுதி சம்மதிச்சுதான் தீவைக் குடுத்துச்சுன்னு இன்னைக்குச் சொல்லுவாங்கம்மா. அன்னைக்கு எதிர்ப்பு இருந்துச்சுன்னு காட்ட நம்ம கையில இருக்கிற எழுத்து அது.

தொண்டி_கரைவலை

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க ஊர்ல கரைவலைப் பாடு, அதாவது யார் எப்போ வலை வளைக்கிறதுங்கிற முறை, அதுல தகராறு வந்தா ஊர்க்கூட்டத்துல தலைவர்தான் தீர்ப்பு சொல்வார். போன தலைவர் முறை மீறி வலை வளைச்ச தன் சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டார். அதுக்கப்புறம்தான் அவர் பேச்சுக்கு ஊர் கட்டுப்பட்டுச்சு. பதவி ஏத்த அன்னைக்கு அவருக்கு மாலை போட்டப்போ பாதிப் பேர் மனசில்லாமதான் போட்டோம். நானும் அதுல ஒருத்தன்.

வெறும் வாழ்த்து போனா ஃபைல்ல தூங்கும். மக்களவைக்கு மனு கொடுக்க வழி இருக்கு. எம்.பி. மேலொப்பம் போட்டு அவையில வைக்கலாம். 15 பேர் கொண்ட மனுக்குழு அதை விசாரிச்சு அறிக்கை தரும். அந்தக் குழுவை நியமிக்கிறது சபாநாயகர்தான். கடிதத்துல அதைச் சொல்லி, குழுவைச் சீக்கிரம் அமைக்கச் சொல்லிக் கேளுங்க.

பாம்பன்_வல்லம்

இது எனக்குத் தோணல, தொண்டியாரே. நேத்து எழுதினதைக் கிழிச்சுட்டு இப்படி எழுதியிருக்கேன்:

"மக்களவைத் தலைவராக மீண்டும் தேர்வான தங்களுக்கு இராமநாதபுரம் கடற்கரை மீனவர்களின் வாழ்த்துகள். அவையில் சிறிய கட்சிக்கும் கடைக்கோடித் தொகுதிக்கும் நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். துணைத் தலைவர் தேர்தலை இனியும் தள்ளிப்போட வேண்டாம். மனுக்குழு அமைந்ததும், பிடிபட்ட எங்கள் படகுகள் குறித்த மனு எங்கள் உறுப்பினர் வழியாக வரும்."

மேரி, உன் படகு விவரத்தை மனுவுல முதல்ல வைக்கிறேன். கடிதத்துக்குச் சம்மதமா?

தங்கச்சிமடம்_மேரி

துணைத் தலைவர் வரி இருக்கட்டும், அதை யார் சொன்னாலும் எடுக்காதீங்க. "வாழ்த்துகள்" இருக்கிற தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்ணே. 100 பேரை வெளியே அனுப்பினது எனக்கு இன்னும் ஆறல. மனுவுக்கு எல்லாம் தர்றேன். படகுப் பதிவுச் சான்று, கடலுக்குப் போற அனுமதி டோக்கன் நகல், டீசல் பில், எல்லாம் பத்திரமா இருக்கு. சனிக்கிழமை மீன் ஏலம் முடிஞ்சதும் கொண்டு வர்றேன்.

கீழக்கரை_காக்கா

பதிவுச் சான்று மட்டும் அசலைக் கொடுத்துடாதேம்மா, நகல் எடுத்துட்டு வா.