பதில்: ‘பழைய மரத்தில் பூக்கும் செடி’ – வேறு சொல்?

> ‘முதுகிளைப் பூஞ்செடி’, ‘இளங்கிளைப் பூஞ்செடி’ என்று வைத்துக்கொள்ளலாமா?

வணக்கம் ஐயா,

ஆங்கிலத் தோட்டக்கலையில் ‘old wood’ என்பதை அப்படியே ‘பழைய மரம்’ என்று பெயர்ப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் முதுகிளை என்றதும் பட்டை வெடித்த தடித்த கொப்புதான் என் கண்ணில் வருகிறது. நாம் சொல்ல வந்தது போன கோடையில் வளர்ந்த, விரல் தடிமன்கூட இல்லாத கொப்பை. லைலாக் என்ற பூஞ்செடி மே மாதம் பூத்து ஓய்ந்ததும், அந்தக் கோடையிலேயே அடுத்த ஆண்டுக்கான மொட்டைக் கொப்பின் நுனியில் கட்டிவிடும். இலை கொட்டி வெறும் குச்சியாக நிற்கும்போதும் மொட்டு அங்கேதான் இருக்கும். டொராண்டோ வந்த புதிதில் இது தெரியாமல், ஓர் அக்டோபரில் வேலியோரத்து லைலாக்கை அழகுபார்த்து ஒட்ட வெட்டினேன். அடுத்த மே முழுக்க இலைதான்.

ஆகவே வயதைச் சொல்லாமல் பருவத்தைச் சொல்லுவோம்: ‘போனகொப்பு’, ‘நடப்புக்கொப்பு’. போனகொப்பில் பூப்பவை லைலாக், ஃபோர்சித்தியா, பெரிய இலை ஹைட்ரேஞ்சியா. இவற்றுக்குப் பூ முடிந்த கையோடு கவாத்து, அதாவது கொப்பு வெட்டுதல். அந்தந்த ஆண்டே துளிர்க்கும் நடப்புக்கொப்பில் பூப்பவை புட்லியா, கூம்புப்பூ ஹைட்ரேஞ்சியா. தளிர்க்குமுன் வெட்டினாலும் அந்தக் கோடையிலேயே பூக்கும். கவாத்து என்ற சொல்லை மட்டும் மாற்றாதீர்கள்; தேயிலையிலும் மல்லிகையிலும் ஊறியது அது.

-----

> போனகொப்பு

சரி, ஆனால் ‘போன’ பேச்சு வழக்கு ஆயிற்றே. ‘முன்பருவக் கொப்பு’ என்றால் பாடநூலிலும் நிற்கும். அப்புறம், 2004இல் சந்தைக்கு வந்த எண்ட்லெஸ் சம்மர் ஹைட்ரேஞ்சியா இரண்டிலும் பூக்கிறதே, அதை எங்கே வைப்பீர்கள் அக்கா?

-----

முன்பருவக் கொப்புக்குச் சம்மதம். இரண்டிலும் பூப்பதை ‘இருபருவக் கொப்பு’ என்றால் ஆண்டுக்கு இருமுறை கொப்பு விடும் செடி என்று நினைத்துவிடுவார்கள். ‘இருகொப்புப் பூஞ்செடி’ பொருந்துகிறது. கடுங்குளிரில் முன்பருவ மொட்டு கருகினாலும் நடப்புக்கொப்பு கைகொடுக்கும், கொஞ்சம் பிந்தித்தான் பூக்கும்.

ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘முன்பருவக் கொப்பில் பூக்கும் செடிக்கு, பூ உதிர்ந்ததும் கவாத்துச் செய்க.’ அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “போன வருசக் கொப்பு எண்டு எழுதன்” என்றார்.