முனைமாற்றி வேறு, குறிபெயர்ப்பி வேறு: பழைய விசைப்பலகைக்கு இரண்டு சொல் வேண்டும்

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய விசைப்பலகையைப் புதுக் கணினியோடு இணைக்கும் பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அடாப்டர் (செருகியின் வடிவத்தை மாற்றுவது), கன்வெர்ட்டர் (விசைப்பலகை அனுப்பும் குறிகளை மாற்றுவது) இரண்டையுமே 'மாற்றி' என்று வைத்துக்கொண்டு இந்தப் பேச்சை முடித்துவிடலாம் என்று ஒரு கருத்து வந்திருக்கிறது. தயவுசெய்து இப்போதைக்கு முடிக்க வேண்டாம். இரண்டும் வேறு பொருள், இரண்டுக்கும் வேறு வேலை. பெயர் ஒன்றாக இருப்பதால் தவறான பொருளை வாங்கிக் காசைத் தொலைக்கிறவர்களை இராமநாதபுரத்தில் என் பழுதுபார்க்கும் மேசையில் அடிக்கடி பார்க்கிறேன்.

அண்மையில் தேவிபட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற தட்டச்சர் ஒருவர் வந்தார். கையில் கனமான பழைய விசைப்பலகை, கம்பி முனையில் ஐந்து ஊசி கொண்ட வட்டச் செருகி. புதுக் கணினியில் அதற்கான சாக்கெட் கிடையாது. ஆன்லைனில் 'மாற்றி' என்று தேடி வாங்கியிருந்தார்: பெரிய வட்டத்தைச் சின்ன வட்டமாக்க ஒன்று, சின்ன வட்டத்தை யூஎஸ்பி ஆக்க ஊதா நிறத்தில் இன்னொன்று. வரிசையாக மாட்டிச் செருகினால் பலகையின் மூன்று விளக்கும் ஒரு தரம் மினுக்கி அணைந்தன. அப்புறம் எதை அழுத்தினாலும் ஓர் எழுத்துகூட விழவில்லை. "கரண்ட் போகுது தம்பி, பேச்சுதான் போகல" என்றார். அவர் சொன்னது அப்படியே சரி.

ஐந்து வோல்ட் கிடைத்ததும் பலகை தன்னைத்தானே சோதித்துக்கொண்டது. விளக்கு மினுக்கியது அதனால்தான். ஆனால் அந்த ஊதாத் துண்டுக்குள் சில்லு (சிப்) எதுவும் இல்லை, கம்பிக்குக் கம்பி நேர் இணைப்பு மட்டுமே. பிஎஸ்/2 (அந்தச் சின்ன வட்டச் செருகியின் முறை), யூஎஸ்பி இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த சில்லு விசைப்பலகைக்குள்ளேயே இருந்தால்தான் அந்தத் துண்டால் பயன். யூஎஸ்பி முதலில் வெளியானது 1996இல். அதற்கு முந்தைய பலகைக்கு அந்தப் பேச்சு எப்படித் தெரியும்?

இதில் இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். ஐபிஎம் 1981இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிசியின் விசைப்பலகைக்கு ஐந்து ஊசிச் செருகி. பிறகு வந்த எக்ஸ்டி என்ற கணினிக்கும் அதேதான். 1984இல் வந்த ஏடி என்ற கணினிக்கும் அதே ஐந்து ஊசிதான், ஆனால் அனுப்பும் குறிகள் வேறு. 1987இல் பிஎஸ்/2 கணினிகள் வந்தபோது செருகி சின்னதாகி ஆறு ஊசி ஆனது. குறிகளோ ஏடியின் குறிகளே. ஆக, ஒரே வடிவத்தில் இரண்டு குறிமுறை, ஒரே குறிமுறைக்கு இரண்டு வடிவம். வடிவத்தை மட்டும் மாற்றும் பொருளுக்கும் குறியை மாற்றும் பொருளுக்கும் ஒரே பெயர் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

குறி எந்த அளவுக்கு வேறுபடும் என்பதற்கு ஒரே ஒரு விசையை எடுத்துக்கொள்வோம். ஆங்கில ஏ, தமிழ்99 விசை அமைப்பில் அகரம். அதை அழுத்தினால் எக்ஸ்டி பலகை 30 என்று அனுப்பும். விரலை எடுத்தால் 128ஐக் கூட்டி 158. ஏடி, பிஎஸ்/2 பலகைகள் வழக்கமாக அழுத்தும்போது 28, எடுக்கும்போது 240, அதையடுத்து 28 என்று அனுப்பும். யூஎஸ்பியில் அதே விசைக்கு எண் 4. எடுக்கும்போது தனிக் குறி கிடையாது. இந்த நொடியில் எந்தெந்த விசை அமுங்கியிருக்கிறது என்ற பட்டியல்தான் போகும். பழைய பலகை தானே தாளம் போடும் கிளாக் துடிப்பை எழுப்பி, விசை அழுந்தியதும் சொல்லிவிடும். யூஎஸ்பியில் கணினி கேட்டால்தான் பதில். இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் சொல்ல ஒரு சில்லு வேண்டும். தட்டச்சருக்கு நான் வைத்துக் கொடுத்தது ஏடிமெகா32யூ4 என்ற சில்லு உள்ள சின்ன மின்சுற்றுப் பலகை, அதில் டிஎம்கே என்ற நிலைப்பொருள் (சில்லுக்குள் ஏற்றி வைக்கும் நிரல்). கிளாக், தரவு, கிரவுண்டு, 5 வோல்ட் என நான்கே கம்பி.

(நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக்காற்றில் பழைய ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சில்லைக் குறை சொல்லும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு ஒவ்வோர் ஊசியையும் துடைத்துவிடுங்கள்.)

இனி, இந்தச் சில்லுள்ள கருவிக்கு நண்பர்கள் முன்வைத்த சொற்கள்.

> விசைமாற்றி என்றால் எல்லாருக்கும் புரியுமே.

எங்கள் பக்கம் புரியாது. பாம்பன், மண்டபம் கரையில் விசை என்றாலே இன்ஜின்தான். விசைப்படகு, நாட்டுப்படகு என்பது இங்கே அன்றாடப் பேச்சு. விசைமாற்றி என்று சொன்னால் கியர் பெட்டியைத்தான் நினைப்பார்கள். அதோடு, இந்தக் கருவி விசை எதையும் மாற்றுவதில்லை, விசை அனுப்பும் குறியைத்தான் மாற்றுகிறது.

> துபாசி என்று வைத்தால் என்ன?

கீழக்கரை காக்கா (அண்ணன்) முன்வைத்த சொல். மனசுக்கு மிகவும் பிடித்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த மொழிபெயர்ப்பு வேலைக்குத் தமிழர் வழங்கிய பெயர். கருவிக்கும் நன்றாகப் பொருந்துகிறது: ஏடி பலகையில் பேச்சு இரண்டு பக்கமும் போகும், கேப்ஸ்லாக் விளக்கை ஏற்று என்று கணினி சொல்வதையும் இந்தச் சில்லுதான் பலகைக்குப் புரியவைக்கிறது. ஆனாலும் காக்கா மன்னிக்க வேண்டும், அந்தச் சொல்லிலிருந்து வினை பிறக்கவில்லை. 'துபாசித்தது' என்று எவரும் எழுத மாட்டார்கள். கையேடு எழுதும்போது ஒரு பெயர்ச்சொல் மட்டும் போதாது, அந்த வேலையைச் சொல்ல வினையும் வேண்டும்.

> பெயர்ப்பி என்றால் பிடுங்குவது போல இருக்கிறது.

தொண்டி ஆசிரியர் ஐயா சொல்வது 'விசைபெயர்ப்பி'க்குச் சரிதான். விசைமூடிகளைக் கழற்றக் கம்பி இடுக்கி ஒன்று உண்டு, அந்தப் பெயரை அதற்குத்தான் வைக்க வேண்டும். ஆனால் நான் முன்வைக்கும் 'குறிபெயர்ப்பி'யில் அந்தக் குழப்பம் வராது. மொழிபெயர்ப்பு பழகிய காது அதே தடத்தில் இதையும் கேட்கும். குறிபெயர்த்தது, குறிபெயர்க்கிறது, குறிபெயர்ப்பு என்று எல்லா வடிவமும் தாராளமாக வருகின்றன. 'குறிமாற்றி' மோசமில்லைதான், ஆனால் பழையபடி 'மாற்றி' என்று சுருங்கிவிடும் என்பது என் பயம்.

சில்லு இல்லாத துண்டுக்கு 'முனைமாற்றி'. அது முனையை மட்டுமே மாற்றும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நேர்முனை, எதிர்முனை என்று மின்வேலையில் முனை ஏற்கெனவே பழகிய சொல்.

இன்னும் இரண்டு சொல் கூடவே தேவைப்படுகின்றன. விசையை அழுத்தும்போது போவது 'அழுத்துகுறி', விரலை எடுக்கும்போது போவது 'விடுகுறி'. இரண்டும் வினைத்தொகை, சுருக்கம், சொல்லவும் எளிது. இரண்டுக்கும் பொதுப்பெயராக 'வருடுகுறி' (ஸ்கேன் கோடு) வந்திருக்கிறது. பலகைக்குள் இருக்கும் சில்லு வரிசை வரிசையாக வருடித்தான் அமுங்கிய விசையைக் கண்டுபிடிக்கிறது என்பதால் அதற்கு நான் சம்மதம்.

இராமேசுவரம் அக்கா தொகுக்கும் பட்டியலில் இந்த ஐந்தையும் சேர்த்துக்கொள்ளக் கேட்கிறேன். நிலைப்பொருள் புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம். எந்த விசைக்கு எது என்று காட்டும் 'கீமேப்' மட்டும் பாக்கி. சில்லுக்குள் இருக்கும் எண் பட்டியலுக்குக் 'குறிபெயர்ப்பு அட்டவணை' பொருந்தும். தமிழ்99, பழைய தட்டச்சு முறை போன்ற விசை அமைப்புகளுக்கு அது ஒட்டாது. அதற்கு உங்கள் சொல்லை எழுதுங்கள். அதிலிருந்து வினை பிறக்கிறதா என்பதையும் ஒரு வாக்கியத்தில் வைத்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
இராமநாதபுரத்திலிருந்து