புதுப்பிப்பு: லண்டன் ஃபிளாட் லீஸ் நீட்டிப்பு முடிந்தது

என் ஃபிளாட்டின் லீஸில் (நிலம் வேறொருவருடையது, வீடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நம்முடையது என்ற ஒப்பந்தம்) 81 ஆண்டுதான் மிச்சம், 2024 லீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 990 ஆண்டு நீட்டிப்பு அமலுக்கு வரும்வரை பொறுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். பொறுக்கவில்லை. 80-க்குக் கீழே இறங்கினால் மேரேஜ் வேல்யூவில், அதாவது நீட்டிப்பால் கூடும் மதிப்பில், பாதி நில உரிமையாளருக்குப் போகும். அதை ஒழிக்கும் பிரிவு நான் நோட்டீஸ் கொடுத்தபோது அமலுக்கு வரவில்லை.

நில உரிமையாளர் முதலில் சட்ட வழி வேண்டாம், நமக்குள் பேசி முடிப்போம் என்றார், விலையும் குறைவுதான், ஆனால் வரைவைப் படித்தால் பழைய லீஸ் காலம் முடியும்வரை கிரவுண்ட் ரென்ட் (நிலத்துக்கான வாடகை) அப்படியே தொடரும் என்று ஒரு வரி! மறுத்துவிட்டு, லீஸ் நீட்டிப்பை உரிமையாகக் கேட்க வழிசெய்யும் 1993 சட்டத்தின் 42-ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்பினேன். நோட்டீஸ் தேதியே மதிப்பீட்டுத் தேதி, அதனால் அப்புறம் எவ்வளவு இழுத்தடித்தாலும் 80 கணக்கு நம்மைத் தொடாது. எதிர் நோட்டீஸில் அவர் கேட்டது நான் சொன்ன விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. இரு தரப்பு சர்வேயர்களும் (மதிப்பீட்டாளர்கள்) பேசி நடுவில் கொண்டுவந்தார்கள், ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) வரை போகவில்லை.

இப்போது கூடுதலாக 90 ஆண்டு, கிரவுண்ட் ரென்ட் கிடையாது. அவர் தரப்பு வக்கீல், சர்வேயர் செலவும் நம் தலையில்தான், அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். அப்புறம், ஒருவர் கேட்டிருந்தாரே, நீட்டிப்பு கேட்க வீடு வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31-லேயே போய்விட்டது.