கவிதை சொல்லும் கூட்டத்துக்கு மார்க் போடலாமா?

பாமணிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிக்காரன், வயது 22. பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு இந்தச் சம்பாவுக்கு ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில் பில் எழுதிக்கொண்டிருக்கிறேன். சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. அது வேறு கதை.

போன சித்திரையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு கூட்டம் ஆரம்பித்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்தரை மணி, ஹரித்ரா நதி தெப்பக்குளத்தில் ஒரு படித்துறை. கூட்டத்துக்குப் பேர் கிடையாது. பேர் வைப்பதைப் பற்றிப் பேசியே இரண்டு கூட்டம் போனதால் விட்டுவிட்டோம். விதி ஒன்றே ஒன்றுதான்: தாளைப் பார்த்துப் படிக்கக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும்.

அந்த விதி ஏன் என்றால், கல்லூரியில் படிக்கும்போது மாவட்ட அளவில் ஒரு கவிதைப் போட்டிக்குப் போனேன். தலைப்பு கொடுத்தார்கள், தாள் கொடுத்தார்கள், மணி அடித்ததும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் பரிசு வந்தது. அந்தக் கவிதையை நடுவர்களைத் தவிர இன்றுவரை ஒரு காது கேட்டதில்லை. எனக்கே இப்போது இரண்டு வரிதான் ஞாபகம் இருக்கிறது. முதல் பரிசு வாங்கிய பையன் என்ன எழுதினான் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், அதற்கும் வழியில்லை.

முதல் மாதம் ஆறு பேர். ஆடியில் குளத்தில் தண்ணீர் ஏறியபோது எங்கள் தலையும் 17 ஆக ஏறியது. ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மழையில் போய்விட்டன. தை மாதக் கூட்டத்துக்கு ஐந்து பேர். அதில் ஒருவர் மீனுக்குப் பொரி போட வந்தவர்.

வருகிறவர்களும் தங்கள் கவிதையைச் சொல்வார்கள், அப்புறம் போனை எடுத்துவிடுவார்கள். அடுத்தவன் சொல்லும்போது ‘மச்சான், அவசர வேலை’ என்று வண்டியைக் கிளப்புகிறவர்களும் உண்டு. குளம் 23 ஏக்கர், காற்று பாதிக் குரலைத் தின்றுவிடும். மிச்சப் பாதியைக் கேட்கவும் ஆள் இல்லை என்றால் எதற்குச் சொல்வது?

ரீல்ஸும் போட்டுப் பார்த்தோம். ஒரு பெண் தன் அம்மாச்சி சாகுபடிக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு, மஞ்சள் கயிறோடு கல்யாண வீட்டுக்குப் போனதைச் சொன்னாள். அதை 40 ஆயிரம் பேர் பார்த்தார்கள். ஒருவர்கூடப் படித்துறைக்கு வரவில்லை. பெண்கள் ஏழு பேர் இருந்தார்கள், இப்போது ஒருத்திதான். பஸ்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஆறரைக்கு மேல் கிராமங்களுக்கு டவுன் பஸ் குறைவு.

சரி, கேள்விக்கு வருகிறேன். நண்பன் ஒருவன் யூடியூபில் ஸ்லாம் (மேடையில் கவிதை சொல்லி மார்க் வாங்குகிற போட்டி) நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு, ‘மார்க் போடுவோம்டா, போட்டின்னா உட்காருவானுங்க’ என்கிறான். இன்னொருத்தன், ‘அப்புறம் காலேஜ் போட்டிக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?’ என்கிறான். ஓட்டு எடுத்தோம், மார்க் வேண்டும் என்று மூன்று, வேண்டாம் என்று இரண்டு. நான் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை. நடத்திப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

எழும்பூர் பாசஞ்சர்

தம்பி, நான் நீடாமங்கலம். வேலை பெங்களூரில். இங்கே நாலு வருடமாக ஓப்பன் மைக் (யார் வேண்டுமானாலும் மேடையேறிச் சொல்லலாம், மார்க் கிடையாது), ஸ்லாம் இரண்டுக்கும் போகிறேன், தமிழில்தான் சொல்வேன். பாதிப் பேருக்குப் புரியாது, ஆனாலும் கேட்பார்கள்.

மார்க் எங்கிருந்து வந்தது என்று முதலில் தெரிந்துகொள். அமெரிக்காவில், சிகாகோவில் மார்க் ஸ்மித் என்று ஒருவர். கட்டட வேலை பார்த்தவர். (பேரிலேயே மார்க் இருப்பது தற்செயல்.) அங்கேயும் உன் பிரச்சினைதான். கவிதை வாசிப்புக்கு வருகிறவர்கள் எல்லாரும் கவிஞர்கள், ஒருவரையொருவர் கேட்பதில்லை. அவர் 1986இல் கிரீன் மில் என்ற மதுக்கூடத்தில் வாராவாரம் ஸ்லாம் நடத்த ஆரம்பித்தார். வந்த கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவராக உட்கார வைப்பார்கள். இலக்கியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க். அதிகமானதையும் குறைவானதையும் தள்ளிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டுவார்கள். மூன்று நிமிடம்தான், மேலே பத்து விநாடி சலுகை, அதைத் தாண்டினால் மார்க் குறையும். சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். வேஷம், வாத்தியம், கையில் பொருள் எதுவும் கூடாது.

ஆகவே மார்க் என்பது கவிதையை அளக்க வந்த சாமான் இல்லை, பெஞ்சில் இருப்பவனை நிமிர்ந்து உட்கார வைக்கிற தந்திரம். நீ மார்க் போடச் சொன்னால் அவன் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஆனால் அதில் ஒரு விஷமும் இருக்கிறது. என்னோடு ஒரு பையன் இருந்தான். முதல் வருடம் மெஸ் சாம்பாரைப் பற்றி அவ்வளவு நன்றாகச் சொன்னான், 21 வாங்கினான். அம்மா செத்ததைப் பற்றிச் சொன்னவன் 28 வாங்கினான். மறு வருடம் நம் பையனும் சாவைப் பற்றியே சொல்ல ஆரம்பித்தான். அவன் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

பள்ளிப் பிள்ளைகளோடு செய்கிறவர்கள் இதை வேறு மாதிரி கையாள்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1996இல் தொடங்கிய யூத் ஸ்பீக்ஸ் என்ற அமைப்பு, பதின்வயதுப் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்து எழுதச் சொல்லிக்கொடுக்கிறது, மேடை அப்புறம்தான். பத்துப் பேர் கூடி ஒரே அறையில் எழுதினால், பக்கத்தில் இருப்பவள் என்ன எழுதினாள் என்று தானாகவே காது நீளும். நீங்கள் படித்துறையில் கடைசி அரை மணியாவது சேர்ந்து எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று, கைதட்டச் சொல்லாதே. இங்கே நல்ல வரி வந்தால் சொடக்குப் போடுவோம். தட்டினால் அடுத்த வரி அமுங்கிவிடும், சொடக்கு அமுக்காது. கேட்கிறவனுக்கும் கைக்கு ஒரு வேலை இருக்கும், போனை எடுக்க மாட்டான்.

குடந்தைக் கிழவன்

வயது 73. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எழும்பூர் அம்மா சொன்ன மார்க் விஷயத்தைப் படித்ததும் சிரிப்பு வந்தது. போட்டி நமக்குப் புதிது என்று யார் சொன்னது? நாகப்பட்டினத்துக்கு வடக்கே, காரைக்கால் பக்கம் திருமலைராயன்பட்டினம் இருக்கிறதே, அங்கேதான் காளமேகப் புலவர் எமகண்டம் பாடினார் என்று கதை. கீழே எண்ணெய்க் கொப்பரை, மேலே உறியில் புலவர், சுற்றிலும் கத்தி, கேட்ட மாத்திரத்தில் பாட வேண்டும். பாடி முடித்தும் மரியாதை கிடைக்கவில்லை என்று ஊருக்கே மண்மாரி பொழியச் சபித்தாராம். மார்க் குறைந்தால் நம் பிள்ளைகளும் சபிப்பார்கள், தெப்பக்குளம் தாங்காது.

எங்கள் காலத்தில் கவியரங்கம். பொங்கலுக்கு, கோயில் திருவிழாவுக்கு, கட்சிக் கூட்டத்துக்கு முன்னால். திருச்சி வானொலியில் கவியரங்கம் என்றால் டீக்கடை வாசலில் நின்று கேட்போம். முறை இதுதான்: தலைமைக் கவிஞர் ஒவ்வொருவரையும் கவிதையிலேயே கிண்டல் செய்து அழைப்பார். போகிறவன் முதலில் தலைவருக்குப் பதில் சொல்லி, அப்புறம் அவைக்கு வணக்கம் சொல்லித்தான் தன் கவிதைக்கு வர வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நமக்கு முன்னால் பேசியவன் என்ன சொன்னான் என்று கேட்காமல் இருந்தால் மாட்டிக்கொள்வோம். எழுதி வைத்த தாளில் கடைசி நேரத்தில் நாலு வரி சேர்த்தாக வேண்டும். தம்பி கேட்ட ‘கேட்கிற ஆள் இல்லை’ என்பதற்கு அந்தக் காலத்து மருந்து அது.

ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்வோம். இப்போது அதைக் கேலி செய்கிறார்கள். மைக் மோசம், பந்தலின் கோடியில் பிள்ளை அழும், முதல் தடவை அங்கே போய்ச் சேராது. குளக்கரைக் காற்றுக்கும் அது உதவும், செய்து பாருங்கள்.

நாங்கள் கெட்டுப் போனது கைதட்டலால். நாலாவது வரியில் கை தட்ட வைக்க வேண்டும் என்று முதல் மூன்று வரியை வைக்கோலாக அடைத்தேன். எட்டு வருடம் அப்படி எழுதினேன். வீட்டில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கிறது, ஒன்றும் தேறாது.

யாராவது வந்து, யாப்பு இல்லாததெல்லாம் கவிதையா என்று கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். புதுக்கவிதைக்குப் பிள்ளையார் சுழி போட்ட ந. பிச்சமூர்த்தி எங்கள் கும்பகோணத்துக்காரர், 1900இல் பிறந்தவர். அந்தச் சண்டை பழசு. வேண்டாம்.

அல்லிக்கேணி

நான் கவிதை எழுத மாட்டேன். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர்.

மார்க், சொடக்கு எல்லாம் இருக்கட்டும். அந்தத் தாலிக்கொடிப் பெண்ணைக் கேட்டீர்களா, தம்பி? ரீல்ஸ் போடலாமா என்று கேட்டுப் போட்டீர்களா? 40 ஆயிரம் பேரில் அவளுடைய பெரியப்பாவும் மாமாவும் இருந்திருப்பார்கள். குடும்பத்தில் நகை அடகு போனதை ஊருக்கே சொல்லிவிட்டாள் என்று வீட்டில் என்ன நடந்திருக்கும்? அதைப் பார்த்த மற்ற ஆறு பெண்களும் என்ன நினைத்திருப்பார்கள்? நீங்கள் பஸ் என்கிறீர்கள். பஸ் சித்திரையிலும் அதே நேரத்துக்குத்தானே ஓடியது?

என் அத்தை நடவுக்குப் போகும்போது பாடுவார், துக்க வீட்டில் ஒப்பாரி வைப்பார். மாமியார் பண்ணிய கொடுமையெல்லாம் ஒப்பாரியில் வரும், செத்தவர் பேரைச் சாக்காக வைத்து. மாமியார் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். மறுநாள் யாரும் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். அங்கே சொன்னது அங்கேயே நின்றுவிடும். உங்கள் படித்துறையில் அந்தப் பாதுகாப்பு இருந்ததா?

பாமணிக்கரை

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத பத்து நாள் ஆகிவிட்டது. நெல் வரத்து அதிகம், ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு.

அல்லிக்கேணி அக்கா எழுதியதைப் படித்த அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவுடனே, ‘அந்த வீடியோதானே அண்ணா?’ என்றாள். கேட்டுத்தான் போட்டோம். ஆனால் பத்துப் பேர் நடுவில், எல்லோரும் ‘சூப்பர், சூப்பர்’ என்று கத்திக்கொண்டிருந்தபோது கேட்டோம். அந்த நேரத்தில் எப்படி வேண்டாம் என்பாள்? அவள் அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். அம்மாச்சிதான் மூன்று நாள் பேசவில்லை. வீடியோவை எடுத்துவிட்டோம். வேறு யாரோ சுட்டுப் போட்ட பிரதி இன்னும் சுற்றுகிறது, அதற்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. வருவாயா என்று கேட்டேன். ‘போனையெல்லாம் ஒரு பையில போட்டு வைங்க, பார்க்கலாம்’ என்றாள்.

இன்னொன்றும் நடந்தது. எழும்பூர் அக்கா சொன்ன, இலக்கியம் தெரியாத நடுவர் மண்டையில் சுற்றிக்கொண்டே இருந்தார். எங்கள் நிலையத்தில் மூட்டை தூக்குகிற அண்ணன்கள் எட்டுப் பேர். நாலு மணி டீ நேரத்தில், அப்பா களத்தில் நெல்லைக் கொட்டி ஆறு ராத்திரி காவல் படுத்ததைப் பற்றிய என் கவிதையைச் சொல்கிறேன் என்றேன். ‘சொல்லு, காசா பணமா’ என்றார்கள். அதில் இப்படி ஒரு இடம்:

*தராசு முள் நடுங்கியபோது*
*அப்பாவும் நடுங்கினார்*

படித்துறையில் இந்த வரிக்கு எப்போதும் கைதட்டு விழும். இங்கே ஒரு அண்ணன் டீயை உறிஞ்சிவிட்டு, ‘முள்ளு எங்கேருந்து வந்துச்சு தம்பி? நம்பர்ல்ல ஓடுது’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தினம் அந்த எலக்ட்ரானிக் தராசைப் பார்த்து எண்ணை எழுதுகிறவன் நான். முள்ளுள்ள தராசில் நெல் எடை போட்டு நான் பார்த்ததே கிடையாது. ஏதோ கவிதையில் படித்த முள்.

அதே அண்ணன் அப்புறம் கேட்டார், ‘ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல காட்டுச்சுன்னு அள்ளி மறுபடி காய வைப்பாங்களே, உங்கப்பாவுக்கு அது நடக்கலியா?’ நடந்தது. இரண்டு தடவை நடந்தது. அதை நான் எழுதவே இல்லை.

இப்போதைக்கு அந்தத் தராசு இடத்தை மட்டும் மாற்றியிருக்கிறேன் (ஒரு மூட்டை நாற்பது கிலோ). ஈரப்பதம் இன்னும் பிடிபடவில்லை.

*சிவப்பு எண்கள் ஓடி ஓடி*
*நாற்பதைத் தொட்டு நிற்கும்வரை*
*அப்பா மூச்சு விடவில்லை*

மார்க் இப்போது வேண்டாம் என்று முடிவு. மூன்றுக்கு இரண்டில் நான் மாறிவிட்டேன். அதற்குப் பதில், வருகிற ஒவ்வொருவரும் கவிதை எழுதாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவர் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக் கேட்கலாம். குடந்தை ஐயா சொன்னபடி, முன்னால் சொன்னவருக்கு ஒரு வரியாவது பதில் சொல்லிவிட்டுத்தான் தன் கவிதையைத் தொடங்க வேண்டும். நேரத்தை மதியம் மூன்றரைக்கு மாற்றிவிட்டோம். வெயில் இருக்கும், ஆனால் ஐந்தரைக்கு எல்லோரும் பஸ் ஏறிவிடலாம். போன் போட ஒரு மஞ்சள் பை கிடைத்திருக்கிறது, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை.

மாசி இரண்டாவது ஞாயிறு. மூட்டை அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு லாரி வரவில்லை என்றால் வருகிறேன் என்றார்.

குடந்தைக் கிழவன்

கவிதை எழுதாத ஆள் என்றால் நானும் சேர்த்திதானே? முப்பது வருடமாக எழுதவில்லை. கும்பகோணத்தில் பன்னிரண்டரை பஸ் ஏறினால் சரியாக இருக்குமா?